சேற்றில் கிடக்கும் சேர்

மார்கழி, தை மாதக் காலைகளில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போகிறவர்கள் பஸ் யன்னலால் எட்டிப் பார்த்தால், பரவைக்கடல் ஓரத்தில் ஒரு மனிதர் குப்புறக் கிடப்பதைக் காணலாம். பதறிப்போய் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம். கிட்டப் போனீர்களானால் திரும்பியும் பாராமல், "அசையாதேங்கோ, பறந்திடும்" என்பார்.

கிழமை நாட்களில் அவர் ஒரு கந்தோரில் பெரிய சேர். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள், இப்போது கந்தோருக்கு ஒருவர் இருக்கிறார். கையெழுத்துக்கு வந்து நிற்கிற ஆச்சியை நிமிர்ந்தும் பாராமல் "அடுத்த கிழமை வாங்கோ" என்கிற அதே சேர், சனி விடிந்ததும் கொசு உள்ளானின் கண் மட்டத்துக்கு இறங்கவேண்டுமென்று நாடியைச் சேற்றில் புதைத்துவிடுவார். கண் மட்டம்தான் அவருக்கு வேதம். நின்றுகொண்டு படம் எடுத்தால் குருவியின் முதுகும், அதற்குப் பின்னால் யாரோ எறிந்த சொப்பிங் பையும்தான் விழும். படுத்தால் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கரைந்து, நடுவில் குருவியும் தலைகீழாக அதன் பிம்பமும் மட்டும் நிற்கும்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் சைபீரியாவின் வடகோடியிலிருந்து பறந்து வருகிற கொசு உள்ளான் ஒரு சாண் நீளமும் தேறாது. நிறை 25 கிராம் வரும். அதன் கண் தண்ணீருக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில் இருக்கிறது. 600 மில்லிமீற்றர் லென்ஸும் அந்த நாலு விரல்கடைக்கு இறங்கவேண்டும்.

லென்ஸ் கனடாவிலிருக்கும் மாமா நல்லூர்த் தேர் எடுக்கச் சொல்லி அனுப்பியது. தேரடியில் நின்று பார்த்தபோது குருக்களின் காது மட்டும் தெரிந்ததாம். அன்றோடு அது பறவைக்கென்று ஆகிவிட்டது.

முக்காலி அவ்வளவு தாழாது. இதற்கென்றே வெளிநாட்டில் வட்டத் தட்டு ஒன்று விற்கிறார்கள். சேர் அதன் விலையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தாச்சியைப் பார்த்தார். நடுவில் ஒரு ஓட்டை, ஒரு போல்ட், அதற்கு மேல் கமெரா. முழங்கையால் உந்தினால் தாச்சி சேற்றில் வழுக்கிக்கொண்டு போகிற அழகே தனி. நான் பார்த்த அளவில் யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்த உருப்படியான பொருட்களில் இதுவும் ஒன்று.

வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர்கள் பச்சைப் புள்ளி போட்ட உருமறைப்பு உடுப்போடு படுப்பார்கள். எங்கள் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு பாலத்தடியில் பதுங்கிக் கிடக்க விசர் பிடித்திருக்கவேண்டும். சேருக்கு மண்ணிறத்தில் ஒரு பழைய சாரம் போதும். அப்படியிருந்தும் கடற்படைப் பொடியன்கள் வந்து விசாரிப்பார்கள். திரையில் குருவியைக் காட்டினால், இதற்கா இந்தப் பாடு என்ற பார்வையோடு போய்விடுவார்கள்.

குருவியும் லேசில் படாது. சொண்டு எந்நேரமும் சேற்றுக்குள். நிமிரும் நேரம் பார்த்து அழுத்தினால் படத்தில் வருவது வால். ஷட்டரை 2000இல் ஒரு விநாடிக்கு ஏற்றி வைத்தாலும் வால் வால்தான். வயிற்றின் வெள்ளை எரியாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்தால் கண் கறுத்துப்போகும். எல்லாம் ஒத்துவருகிற நேரம் பார்த்து வாடைக்காற்று எழும்பித் தண்ணீரைச் சுருக்கிவிடும். காற்று விட்டால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான்.

மீனுக்குக் கட்டிய களங்கட்டியைப் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் போன பெரியவர் ஒருநாள் இரங்கிச் சொன்னார்: "தம்பி, உந்தச் சின்னனுக்கோ இவ்வளவு பாடு? அங்கால பூநாரை நிக்குது, போய்ப் பிடியுமன்."

சேருக்குச் சுருக்கென்றது. பூநாரை ஃபோன்காரருக்கான பறவை என்பது அவர் எண்ணம். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்துக்குப் போனாலும், பூநாரைக் கால்களுக்கிடையில் ஓடுகிற உள்ளானைத்தான் தேடுவார்.

அவரை மடக்கக்கூடிய ஒரே ஆள் பெரியப்பா. எண்பது தாண்டிய மனிதர், இளமையில் உள்ளானுக்கு வெடி வைத்தவர். சேர் மூன்று புத்தகம் புரட்டிச் சொல்வதை, இவர் நாக்கு நினைவிலிருந்து சொல்வார். "மார்கழியில எலும்பு. பங்குனியிலதான் கொழுப்பு வைக்கும்." வடக்கே திரும்பிப் பறக்கும் முன் இவை கொழுப்பேற்றிக்கொள்வதைப் பறவையியலாளரும் சொல்கிறார்கள், கறி வைக்காமலே.

சேரின் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்கும் படம் ஒன்றுண்டு. வெள்ளை நெற்றியோடு ஒரு சின்ன உப்புக்கொத்தி, கீழே 'கென்டிஷ் ப்ளவர், மண்டைதீவு' என்று பொன்னெழுத்து. 2023இல் கொழும்பு, பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட்ட ஒரு குழு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழும் உப்புக்கொத்தி அந்த இனமே அல்ல, மரபணுவிலும் உருவளவிலும் வேறு என்று நிறுவியது. இராமர் அணையை ஒட்டி வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயருமிட்டது. சேருக்குப் பொன்னெழுத்துக் காசு போன கவலை.

அம்மா மட்டும், "என்ன பேர் சொன்னனீ?" என்று அடுப்படியிலிருந்து எழும்பி வந்தார். இத்தனை வருடமும் ஒரு குருவிப் படத்தையும் திரும்பிப் பாராதவர், சுவரிலிருந்து அதைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்துச் சாமியறைக்குள் கொண்டுபோனார்.

சாய்மனைக் கதிரையில் கிடந்த பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உந்த வெள்ளை நெத்தியனோ? உதை நான் ஒருநாளும் தொட்டதில்லைப் பிள்ளை" என்றார், யாரும் கேட்காமலே.

அம்மா அதை நம்பினாரோ தெரியாது. "சனிக்கிழமை மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தவேணும்" என்றார். "தம்பி, அந்தத் தாச்சியை ஒருக்கால் எடுத்துத் தா."