மிச்சத்துக்கு ஆள் இல்லை

பசியை அடக்கும் ஊசியைச் சோதித்துப் பார்க்கக் கடினமான ஓர் இடம் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். கிழக்கே பஸ் ஏறினால் சாத்தூர் காராச்சேவு. கொஞ்சம் தெற்கே சாய்ந்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய். வடகிழக்கே விருதுநகர் எண்ணெய் பரோட்டா. தென்காசி தாண்டினால் பார்டர் பரோட்டா. வடக்கே அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-லும் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கொடுத்து, தின்பதை அரசாங்கமே அங்கீகரித்துவிட்டது. கோடை வந்தால் எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழமும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு ராஜபாளையம் உலகத்துக்குக் கொடுத்த ஒல்லியான உருப்படி ஒன்றே ஒன்றுதான்: எங்கள் ஊர் நாய். அதற்கு இடுப்பு உண்டு. எங்களுக்குக் கிடையாது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது ராஜபாளையம். ஒரு நூல் மில் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை. சர்க்கரை எட்டிப் பார்த்தது, முழங்கால் முனகியது, மதுரையில் டாக்டரிடம் போனோம். உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு எண் சொன்னார். வெள்ளைக்காரர்களுக்கு அந்த எண் 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன்; நம்மவர்களுக்கு 25 போதுமாம். நமக்கு வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேரும், சர்க்கரையும் சீக்கிரம் வரும் என்பதால் இந்தக் கண்டிப்பு. என் எண் வெள்ளைக்காரர் கணக்கையும் தாண்டியிருந்ததால் இந்த இனப் பிரச்சினையில் நான் தலையிடவில்லை.

அது 2025 ஆனி மாதம். அந்த வருஷம் மார்ச்சில்தான் மௌன்ஜாரோ இந்தியாவுக்கு வந்திருந்தது, ஜூனில் வெகோவி. முன்னதில் டிர்செபடைட், பின்னதில் செமாகுளுடைட். டாக்டர் எனக்கு எழுதியது முன்னது. சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, வாரத்துக்கு ஒன்று. முதலில் 2.5 மில்லிகிராம், குப்பி 3,500 ரூபாய். நாலு வாரம் கழித்து 5 மில்லிகிராம், 4,375 ரூபாய்.

“சாப்பிடாம இருக்கிறதுக்கு வாரம் மூவாயிரத்து ஐந்நூறா?” என்றார் என் மாமியார். “அமாவாசை, சஷ்டி, ஏகாதசி எல்லாம் சும்மாதானம்மா கிடக்கு.” அத்தோடு விடவில்லை. அனுமார் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்று சொல்லப்படும் சஞ்சீவி மலை ஊருக்குள்ளேயே நிற்கும்போது, மருந்துக்கு மதுரை போன மருமகளை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

இந்த ஊசிகளின் பூர்வீகக் கதை எனக்குப் பிடிக்கும். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோன் சுரந்து, மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லியனுப்பும். அதன் ஆயுள் சுமார் இரண்டு நிமிஷம். எங்கள் வீட்டுப் பந்தியில் சொல்லப்படும் ‘போதும்’ எதற்கும் அதற்கு மேல் ஆயுள் இருந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற அமெரிக்க டாக்டர், ஹீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில், இதே வேலையைச் செய்கிற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு சரக்கைக் கண்டுபிடித்தார். வருஷத்துக்குச் சில வேளை மட்டும் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டுகிற பிராணி அது. அந்தச் சரக்கை வைத்துச் செய்த எக்ஸெனடைட், 2005-ல் அமெரிக்காவில் சர்க்கரை மருந்தாக அனுமதி வாங்கியது. அந்த வம்சத்தில் அடுத்தடுத்து வந்தவைதான் இப்போதைய வாராந்திர ஊசிகள். இவற்றில் பல்லி கிடையாது, எல்லாம் ஆய்வகத்துச் சரக்கு.

கடைசி வாக்கியத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை தினசரிக் காலண்டரின் அட்டையைப் பார்க்கப் போய்விட்டார். பல்லி விழும் பலன். வயிறு: இடப்பக்கம் மகிழ்ச்சி, வலப்பக்கம் தானியம். “தானியம் நம்ம வீட்டுல நிறையவே இருக்கு. இடது பக்கமே குத்திக்கோ.” வாராவாரம் இடத்தை மாற்றிக் குத்த வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஆக மகிழ்ச்சியும் தானியமும் முறை வைத்து வந்தன.

குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் பிரிட்ஜில் அந்தக் குளிர் சீராக இருக்கும் தட்டு, அம்மா கொடுத்துவிடும் பால்கோவாவுக்கென்று காலம் காலமாக ஒதுக்கப்பட்டது. பட்டர் பேப்பரில் மடித்த அரைக் கிலோ பொட்டலத்தின் மேலேயே மருந்துப் பெட்டியை வைத்தேன். நோயும் மருந்தும் ஒரே தட்டில்.

முதல் ஊசி போட்டபோது என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தைரியம் சொன்னார். அதன் பிறகு சில நாளில், மில்லில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுச் சங்கு ஊதியது எனக்குக் கேட்கவில்லை. ஊதியிருக்கிறது; எனக்குத்தான் உறைக்கவில்லை. காலை இட்லியின்போதே மத்தியானக் குழம்பு, குழம்பின்போதே நாலு மணிக் காபிக்கு என்ன கடி என்று உள்ளுக்குள் ஒரு பேச்சு எனக்கு ஓயாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பொங்கல் லீவுக்கு மில்லை நிறுத்தியதும் ஊர் முழுக்க ஒரு நிசப்தம் வருமே, அப்படி அது நின்றுபோனது. இத்தனை வருஷமாக ஸ்பிண்டில் ஓடியதே நின்ற பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லை. நான் சாப்பிடாததை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் நான் சாப்பிட்டு யாரும் பார்த்ததே இல்லை. கடைசியில்தானே உட்காருவேன்? உட்காருவது என்பதும் மரியாதைக்குச் சொல்வது. ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் நின்றபடி, மகன் பாதியில் விட்ட தோசை, சட்டியில் இறுகிய குழம்பு, அவர் தட்டை மறைத்துக்கொண்டதால் கரண்டியிலேயே தங்கிவிட்ட சோறு, இத்தனையும் பசிக்காகவா இறங்கின? கீழே போடக் கூடாது என்பதற்காக. இப்போது அந்த வழி அடைபட்டதும், வீட்டின் சாக்கடை எதிர்த்து வர ஆரம்பித்தது. பிரிட்ஜில் கிண்ணத்தின் மேல் கிண்ணம் ஏறியது. அவியலின் தலைமேல் ரசம். தேங்காய்ச் சட்னி மூன்று தேதிகளில்.

“என்னம்மா, இப்பல்லாம் ரொம்ப மிஞ்சுது? அளவு தப்புதா?” என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அதே அளவுதாங்க என்றேன். அவர் சிக்கனக்காரர், மிஞ்சியதில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டார். மறுபங்கு எங்கள் நாய் வெள்ளையனுக்கு. அவன் அசல் ராஜபாளையம் ஜாதி, மூக்கு ரோஜா நிறம், மார்பு ஆழம், வயிறு ஒட்டி இருக்க வேண்டும். ஐப்பசிக்குள் அவன் வயிறு நேராகிவிட்டது. நான் இழந்த கிலோக்கள் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கைமாறின.

ஊர் வேறு விதமாகப் பார்த்தது. எங்கள் பக்கம் ஒரு பெண் இளைத்தால் மூன்று காரணம்தான்: சீக்கு, கடன், மாமியார். கடன் இல்லை என்பது தெருவுக்குத் தெரியும். மீதி இரண்டில் ஜனங்கள் எளிதானதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட அத்தை, என் மானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் மானத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார். பால்காரரிலிருந்து பூக்காரம்மா வரை ஊசியின் பெயர், விலை, குத்தும் இடம் எல்லாம் போய்ச் சேர்ந்தன. டெய்லர் ஒருவர்தான் மனசாரப் பாராட்டினார். “எல்லா அக்காவும் உள் தையலைப் பிரிச்சு விடத்தான் ஜாக்கெட் கொண்டாருவாங்க. பிடிச்சுத் தரச் சொன்ன மொத ஆளு நீங்கதாங்கா.”

மற்றபடி குமட்டலும் மலச்சிக்கலும் இருந்தன. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் நேற்றைய சாம்பார் இன்றைய ஏப்பமாக வரும். இவையெல்லாம் டாக்டர் முன்கூட்டியே சொன்னவை. கொழுப்போடு சதையும் கரையும், பருப்பும் முட்டையும் விடாதே, நடையோடு கொஞ்சம் எடையும் தூக்கு என்றும் சொல்லியிருந்தார். பிரிட்ஜைச் சுத்தம் செய்வது எடை தூக்குவதில் சேருமா என்று கேட்டுவைக்க வேண்டும்.

நிஜமான சோதனை ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது அம்மா கண்டுபிடித்துவிட்டாள், வாசலிலேயே. “ஏ புள்ள, கழுத்தெலும்பு தெரியுதே!” ஊசியைச் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. தேரடி பக்கத்துக் கடைக்குப் போய்ச் சூடு ஆறாத பால்கோவா வாங்கி வந்தாள். அகன்ற சட்டியில், பத்து லிட்டர் பாலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டு, முந்திரி ஓடோ விறகோ எரிய, ஓரத்தில் ஒட்டுகிற ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி நடுவில் தள்ளி, கை ஓயாமல் கிண்டிய சரக்கு. லேசாகப் புகை வாசனை அடிக்கும். ஒரு விள்ளல் வாயில் போட்டேன். ருசி அப்படியே இருந்தது. அதில் குறையே இல்லை. இரண்டாவது விள்ளலுக்குக் கைதான் போகவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மாமியாருக்குப் போன் போட்டாள். இரு சம்பந்திகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான்.

மார்கழியில் மறுபடி வம்பு. நோன்பு தொடங்கும்போது நெய்யும் பாலும் வேண்டாம் என்று விலக்கியவள் ஆண்டாள். ஆனால் இருபத்தேழாம் பாட்டுக்குள் பால்சோறும் முழங்கை வரை ஒழுகும் நெய்யுமாகக் கேட்டுவிடுகிறாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அதற்கு மேல் தாங்காது. அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் நேர்ந்துகொண்டு, ராமானுஜர் வந்து நிறைவேற்றும்படி வைத்தவளும் அவள்தான். கூடாரவல்லிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் ஒரு கரண்டியோடு இலையை மடித்தேன். “ஆண்டாளே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஊருடி இது” என்றாள் அம்மா. அதற்குப் பதில் சொல்ல எந்த ஹார்மோனாலும் முடியாது. எடுத்துச் செல்ல ஒரு தூக்கு நிறையக் கொடுத்துவிட்டாள். ராஜபாளையத்தில் அதைக் காலி செய்தது யார் என்பதை என் கணவரின் பெல்ட்டைக் கேட்டால் சொல்லும்.

தை பிறந்ததும் கால்நடை டாக்டர் வெள்ளையனின் விலாவைத் தடவித் தேடினார். விலா அகப்படவில்லை. வீட்டுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். கணவருக்கும் எண் ஏறியிருக்கிறது, அவரும் ராத்திரியில் இரண்டு சப்பாத்தியோடு சரி. மிச்சத்துக்கு ஆளே இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் அத்தை உலை வைக்கும்போது ஓர் ஆழாக்கு அரிசியைக் குறைத்தார். குறைத்த கையோடு கணக்கும் போட்டார். “வாரத்துக்கு ஒரு கிலோ மிச்சம். அறுவது ரூவா. நாலாயிரத்து முன்னூத்தி எழுவத்தஞ்சுல அறுவது போனா, நாலாயிரத்து முன்னூத்திப் பதினஞ்சு. அதுக்கு எங்க போறது?”

மருந்துக்கடைத் தம்பியிடமும் இதையே கேட்டிருக்கிறார். அவன் விவரமானவன். இதே ரகத்தில் செமாகுளுடைட் இருக்கிறது, அதன் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிகிறது, அப்புறம் நம்மூர்க் கம்பெனிகள் எல்லாம் போட்டி போட்டுச் செய்வார்கள், விலை இறங்கும் என்று விளக்கியிருக்கிறான். அத்தை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

“ஏம்மா, இத்தனை வருஷம் இருந்தே. மார்ச் வரைக்கும் குண்டா இருந்தா ஆகாதா?”