மேரிலாந்தின் தாராள மனசு

அமெரிக்க மத சுதந்திரத்தின் முதல் படிகளில் ஒன்று என்று 1649-ஆம் ஆண்டு மேரிலாந்து சகிப்புச் சட்டத்தை விழுந்து விழுந்து கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அதைக் கொஞ்சம் படித்தும் பார்க்கலாமே!

இயேசு கிறிஸ்துவை நம்புகிற எவரையும் மதத்தின் பேரால் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. ஆஹா! நம்பாதவர்? அவரையும் மறக்கவில்லை. இயேசு கடவுளின் மகன் அல்ல என்றாலோ, திரித்துவத்தை மறுத்தாலோ மரண தண்டனை, சொத்தும் பறிமுதல். சகிப்பு என்றால் இதுவல்லவா சகிப்பு!

வசவுக்கும் விலை வைத்தார்கள். அண்டை வீட்டுக்காரரை 'பாப்பிஸ்ட்' (கத்தோலிக்கரைப் பழிக்கும் சொல்) என்றோ 'ப்யூரிட்டன்' என்றோ இழித்துப் பேசினால் பத்து ஷில்லிங். பாதி, திட்டு வாங்கியவருக்கு. மீதி, அந்த ஆங்கிலேயக் காலனியின் சொந்தக்காரர் பால்டிமோர் பிரபுவுக்கு. ஊரில் எவன் எவனைத் திட்டினாலும் பிரபுவுக்குக் கமிஷன்! கட்ட வக்கில்லாத ஏழைக்கு ஊரறியச் சவுக்கடி, சிறை.

1658-ல் யூத மருத்துவர் ஜேக்கப் லம்ப்ரோசோ இந்தச் சட்டத்தில் மாட்டினார். இயேசுவைப் பற்றி அவர் வாயைக் கிளறிவிட்டு, கிளறியவர்களே சாட்சி சொன்னார்கள். இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெலின் மகன் ஆட்சிக்கு வந்தபோது பொதுமன்னிப்பு வந்ததோ, உயிர் பிழைத்தாரோ!

பிரபு கத்தோலிக்கர். வர்ஜீனியாவில் இருக்க முடியாமல் வந்த ப்யூரிட்டன்களுக்கு, அதாவது கடும் புராட்டஸ்டண்டுகளுக்கு, இடம் கொடுத்தார். 1654-ல் அவர்கள் கை ஓங்கியதும் முதல் காரியமாகச் சகிப்புச் சட்டத்தைத் தூக்கி எறிந்து, கத்தோலிக்கருக்குப் பாதுகாப்பில்லை என்றார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். பிறகு சட்டம் திரும்பி வந்தது. 1692-க்குப் பின் ஆங்கிலிக்க சபையே அரசு சபையாகி, அதைப் பராமரிக்க எல்லோரிடமும் புகையிலையாக வரி வாங்கினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. கறுப்பின அடிமைக்கு என்ன சுதந்திரம்? கிறிஸ்தவரானால் விடுதலை கேட்பார்களோ என்று முதலாளிகளுக்குப் பயம். 1671-ல் சட்டமன்றம் அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தது: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான். ஆன்மாவைக் கர்த்தர் எடுத்துக்கொள்ளலாம்; உடம்பு புகையிலைத் தோட்டத்துக்கு. வெட்கங்கெட்டவர்கள், இதையும் சட்டம் என்றே எழுதிவைத்தார்கள்.

யூதர்கள் அரசுப் பதவிக்கு வர 1826 வரை காத்திருந்தார்கள். நாத்திகர்? கையெழுத்துக்குச் சான்று போடும் நோட்டரி வேலைக்குக்கூடக் கடவுள் நம்பிக்கையை அறிவிக்கச் சொன்னது மேரிலாந்து. ராய் டார்காசோ மறுத்தார், வேலை கிடைக்கவில்லை. 1961-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மேரிலாந்தின் தலையில் குட்டியது. ஆனாலும் மாநில அரசமைப்பின் உரிமைப் பிரகடனத்தில் 37-ஆவது பிரிவாக அந்த நிபந்தனை இன்னும் அச்சில் இருக்கிறது. அதை அடிக்க ஒரு பேனாவுக்கு இத்தனை வருஷமாக அங்கே பஞ்சம்.