தாய்மாமன் தாங்கிய மழை

ஃபெஞ்சல் என்று அந்தப் புயலுக்குப் பெயர் வைத்தது சவுதி அரேபியா. இந்தப் பக்கத்துக் கடல்களைச் சுற்றியுள்ள 13 நாடுகள் முறை வைத்துப் பெயர் கொடுக்கின்றன. 2024 நவம்பரில் அவர்கள் முறை. பாலைவனத்துக்காரர்கள் வைத்த பெயர், வடக்கனந்தலில் எங்கள் வீட்டு ஹாலில் வந்து இறங்கியது.

புயல் என்றால் அது கடலூர்க்காரர்கள் சமாச்சாரம் என்பதுதான் எங்கள் ஊர் எண்ணம். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருப்பவனுக்குக் கடலோடு என்ன கொடுக்கல் வாங்கல்? நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி அது புதுச்சேரி அருகே கரையேறியபோது நாங்கள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு, டிவியில் ஒரு நிருபர் தன் குடையைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ரசித்தோம். கரையேறிய புயல் மற்ற புயல்களைப் போலச் சட்டென்று கலையவில்லை. அங்கேயே உட்கார்ந்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. பிறகு சாவகாசமாக மேற்கே கிளம்பி விழுப்புரம், திருவண்ணாமலை எல்லாம் பார்த்துவிட்டு ஊத்தங்கரையில் 50 செ.மீ. இறக்கியது. போகிற வழியில் நாங்களும் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையே, பக்கத்தில் கரும்புத் தோகை வேய்ந்த கூரை வீட்டில் தனியாக இருக்கும் சின்னம்மாவை அம்மா போய்க் கூப்பிட்டார். "மெத்தை வீட்ல வந்து படுத்துக்க. ராத்திரி கூரை கீரை சரிஞ்சிடப் போகுது." தளம் போட்ட எங்கள் வீட்டைச் சொன்ன அந்த 'மெத்தை வீட்ல' என்ற சொல்லில் அம்மா வைத்த அழுத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். சின்னம்மா மறுபேச்சுப் பேசாமல் பாயையும் வெற்றிலைப் பையையும் எடுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் படுத்தார். நேர் மேலே ஃபேன்.

பதினோரு மணி வாக்கில் ஃபேன் தண்டின் மேலிருக்கும் கிண்ணத்திலிருந்து முதல் சொட்டு. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் கிடைத்தது. "ஃபேனுக்கு வேர்க்குது போல" என்றார் அம்மா. சின்னம்மா எதுவும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெத்தை வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். ஒழுகுகிற வீட்டில் முதலில் செய்யவேண்டியது அதுதான். பாத்திரம் தேடுவதெல்லாம் பிறகு. தளம் போடும்போதே கம்பிக்கு நடுவில் ஒயர் குழாயும் ஃபேன் மாட்டும் பெட்டியும் புதைந்துவிடுகின்றன. மாடியில் எந்த மூலையில் விரிசல் கண்டாலும் தண்ணீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நேரே ஃபேனுக்கோ ஸ்விட்ச் போர்டுக்கோ வந்துவிடும். கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுகிறவன் ஆயுசுக்கும் தேடவேண்டியதுதான்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஃபேன் மட்டுமில்லை, ஹாலின் குறுக்கே ஒரு கோடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி பாத்திரங்களைத் தகுதி பார்த்து வைத்தாள். சொட்டுக்கு டம்ளர், தாரைக்குக் குண்டான், ஃபேனுக்கு மட்டும் அவள் அப்பா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதை ஹாலிலேயே இவ்வளவு சிறப்பாக நிறைவேற்றிய குடும்பம் இந்த மாவட்டத்தில் வேறு இருக்காது.

கச்சிராயபாளையத்திலிருந்து மச்சான் நனைந்துகொண்டே பைக்கில் வந்து சேர்ந்தான். தார்ப்பாய் கேட்டான். எங்களிடம் இல்லை. ஆனால் பரண் மேல் அதைவிடப் பெரிய பொருள் ஒன்று இருந்தது: மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்த பத்துக்கு எட்டு பிளக்ஸ். நடுவில் மகள் கடுகளவு, சுற்றிலும் உறவுக்காரர்கள், வலது பக்கம் பாதியை அடைத்துக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி, தாய்மாமனாகிய இதே மச்சான்.

"மாடியில விரிச்சு செங்கல் வச்சிடலாம் மாமா" என்று அவன் கிளம்பினான். இடி இடிக்கிறபோது இருட்டில் மொட்டைமாடிக்குப் போகிறவனைத் திருப்பிக் கொண்டுவர ஆள் போகவேண்டியிருக்கும். சின்னம்மாதான் தடுத்தார். "ஏம்ப்பா, மேல தண்ணி நிக்குது. நிக்கிற தண்ணிக்கு மேல துணி போட்டா என்ன, பாய் போட்டா என்ன? உள்ளாற கட்டு. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் எறக்கிக் கட்டு. தண்ணிக்குச் சாய்வு குடு, அது பாட்டுக்குப் போயிடும்."

அப்படியே செய்தோம். பிளக்ஸின் ஒரு முனை பரண் கொக்கியில், மறுமுனை ஜன்னல் கம்பிக்கு வெளியே. கூரையிலிருந்து விழுந்ததெல்லாம் பிளக்ஸில் ஓடி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. ஒரே ஒரு சிக்கல். தண்ணீர் ஓடிய தடம் மச்சானின் முகம். நெற்றியில் விழுந்து, கூலிங் கிளாஸில் கொஞ்சம் தேங்கி, மீசை வழியாக இறங்கியது.

"திருப்பிக் கட்டுங்க மாமா" என்றான். பின்பக்கம் வெள்ளை. ஆனால் முடிச்சை அவிழ்க்க யாருக்கும் தெம்பில்லை. "தாய்மாமன்னா தாங்கித்தான் ஆகணும்" என்று அவன் அக்காவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் சின்னம்மா பாயைச் சுருட்டிவிட்டார். "காத்து நின்னுபோச்சு. எங்க வூட்ல காஞ்ச எடம் இருக்கு. நான் போய்ப் படுக்கிறேன்." வாசல் வரை போய்த் திரும்பி, "நீங்களும் வாங்களேன்" என்றார். அம்மாவின் முகத்தை அந்த இருட்டில் யாரும் பார்க்க முடியாதது நல்லதாகப் போயிற்று. போனோம். மொத்தக் குடும்பமும்.

உள்ளே உண்மையாகவே காய்ந்துதான் கிடந்தது. படுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மூங்கில் வரிச்சல் மேல் கற்றை கற்றையாகக் கரும்புத் தோகை. செங்குத்தான சாய்வு. ஒரு சொட்டு விழுந்தால் அடுத்த தோகைக்குத் தாவி, அதிலிருந்து அடுத்ததற்குத் தாவி, உள்ளே எட்டிப் பார்க்க நேரமில்லாமல் இறவாணத்தில் போய் விழுந்துவிடும். மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் புல் வேய்ந்த பழைய வீடுகளில் கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்குவதும் இதற்குத்தான். சின்னம்மா ஒவ்வொரு முறை கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் தோகை பொறுக்கி வந்து, மக்கிய இடத்தை மாற்றி வேய்ந்துவிடுவார். கூரை வீட்டுக்காரர் வருஷா வருஷம் தலைக்கு மேலே பார்க்கிறார். மெத்தை வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்தன்று பார்ப்பதோடு சரி. வீடுகளில் உயர்ந்தது மெத்தை வீடு என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் வீடு ஒழுகிப் பார்க்கவேண்டும் எனக்கு.

மொட்டைமாடிக்கும் சாய்வு உண்டு, அந்தக் காலத்தில் போட்ட மாடிகளில். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதன் மேல் தட்டோடு. தண்ணீர் தானாகக் குழாயைத் தேடிப் போகும். இப்போது அவசரத்தில் சிமெண்டைப் பூசித் தட்டோட்டை ஒட்டி, கண் மதிப்பில் சாய்வு வைக்கிறார்கள்.

விடிந்து, இடி ஓய்ந்த பிறகு மாடி ஏறினோம். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் ஒன்பது டன்னுக்கு மேல் எடை. கரும்பாக இருந்தால் ஆலைக்கு அனுப்பிக் காசு பார்த்திருக்கலாம். பக்கத்துக் கோமுகி அணையில் 46 அடி வரை தண்ணீர் தேக்கலாம். ஆனால் அங்கே மதகு இருக்கிறது, திறக்க ஆள் இருக்கிறார். எங்கள் மதகு அரையடிக் குழாய். மச்சான் அதற்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி எதையோ இழுத்தான். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நாலு முழ வேட்டி.

வேட்டியில் அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருந்தது என்னவென்று கிட்டத்தில் பார்த்தால், அரிசி வடகம்.

வேட்டி வெளியே வந்ததும் தண்ணீர் போட்ட இரைச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா கீழேயிருந்து, "காத்துல பறந்து போயிருக்கும்" என்றார். நாங்கள் எதுவும் கேட்டிருக்கவில்லை. தளம் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடிக்கும்வரை மச்சான் பிளக்ஸில் கைகூப்பியபடியே இருந்தான். விசாரிக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து அவனுக்குத்தான் முதலில் வணக்கம் வைத்தார்கள்.

அப்புறம் வந்தவர்கள் வைத்தியர்கள். பெயிண்ட் கடைக்காரர் பார்த்துவிட்டு வெள்ளைப் பெயிண்ட் ரெண்டு கோட் போதும் என்றார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பங்காளி, மாடி முழுக்கத் தகர ஷீட் போட்டால்தான் தீரும் என்றார். டைல்ஸ் வியாபாரம் செய்பவருக்கு டைல்ஸ்தான் தெரிந்தது. மருத்துவப் பரிசோதனை செய்த ஒரே ஆள் கொத்தனார். குழாய் வாய்களை அடைத்துப் பாத்தி கட்டி, பகுதி பகுதியாகத் தண்ணீர் நிறுத்தி, கீழே எங்கே கசிகிறது என்று பார்த்தார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டி, "இது வேர் விட்ட வழியாத்தான் தண்ணி எறங்குது. உள்ள கம்பி துருப்புடிச்சா ஊதும், ஊதினா காரை பேந்துக்கும். கன்றை வேரோட எடுத்துட்டு, தட்டோட்டைப் பேத்து, வாட்டம் வச்சுப் புதுசாப் பதிக்கணும்" என்றார். ஈரம் காயாமல் கை வைக்கக்கூடாதாம். மாசியில் வருவதாகச் சொன்னார்.

இதற்கிடையில் அரசாங்கம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாயும், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. குடிசை 10,000 செய்தியை அம்மா சின்னம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "எனக்கெதுக்கு? என் கூரையில ஒரு தோகை நகரலியே" என்றார் சின்னம்மா. "உங்களுக்குத்தான் குடுக்கணும்."

சொன்னபடி மாசியில் கொத்தனார் வந்தார். சட்டி, கரணை, சித்தாளோடு மாடி ஏறியவர் அதே வேகத்தில் இறங்கி வந்தார்.

"என்னாம்மா, மாடி முழுக்க வேட்டி விரிச்சு வடகம் ஊத்தி வச்சிருக்கீங்க? நான் எங்க உட்காந்து பேக்கறது?"

"வெயில் இப்பத்தானே வந்திருக்கு" என்றார் அம்மா. "இதை முடிச்சுட்டுக் கூழ்வடகம் ஒரு ஈடு இருக்கு. சித்திரை போகட்டும், வாங்க."