நாலா, ஆறா?

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி நான். பிரதிவாதியும் நான். தினமும் வாய்தா வாங்குவதும் நானேதான்.

பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பெரிய கார், செகண்ட் ஹேண்டில். அதுவரை முடிவாகிவிட்டது. 2021-ல் வந்த பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ். டீசலில் இரண்டு வகை. 520டி என்றால் நாலு சிலிண்டர், 1,995 சிசி, 190 குதிரைத் திறன். 530டி என்றால் ஆறு சிலிண்டர், 2,993 சிசி, 265 குதிரைத் திறன். இதில் எது?

ஒரு குயர் நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். இடது பக்கம் நாலு, வலது பக்கம் ஆறு. நாலின் டார்க் 400 நியூட்டன் மீட்டர், ஆறின் டார்க் 620. சரி, இந்த 620 எதை இழுக்கப் போகிறது? என்னை, என் மனைவியை, மாதம் ஒருமுறை 26 கிலோ பொன்னி அரிசி மூட்டையை. மூட்டையை மாடிக்குத் தூக்கப்போவது எப்படியும் நான்தான். அதற்கு டார்க் எவ்வளவு என்று எந்த கம்பெனியும் போடவில்லை.

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட, ஆறு எடுத்துக்கொள்ளும் நேரம் நாலைவிட ஒன்றரை வினாடிக்கு மேல் குறைவு. மிச்சமாகும் அந்த ஒன்றரை வினாடியை மத்திய கைலாஷ் சிக்னலில் நின்று செலவழிக்கலாம்.

சரித்திரமும் படித்தேன். 1936-ல் மெர்சிடிஸ் 260 டி வந்தபோது அதன் திறன் வெறும் 45 குதிரை. ஜெர்மனி டாக்ஸிக்காரர்கள் அதை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். அடையாறு காய்கறிக் கடைக்குப் போகிற எனக்கு 190 போதுமா என்று சந்தேகம்!

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் நோட்டை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

"சார், வருஷத்துக்கு எவ்ளோ ஓட்டுவீங்க?"

இருக்கிற பெட்ரோல் வண்டி பதினோரு வருஷத்தில் 46,200 கிலோமீட்டர். வகுத்தால் வருஷத்துக்கு 4,200. லிட்டருக்குப் பதினைந்து என்று வைத்தால் 280 லிட்டர். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 8 ரூபாய் மலிவு. ஆக, வருஷத்துக்கு 2,240 ரூபாய் மிச்சம் பிடிக்க என் பி.எஃப். பணத்தைக் கரைக்கப் பார்த்திருக்கிறேன்.

"அது போகட்டும் சார். பிஎஸ் 6 டீசல்ல புகைக்கரிய பிடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்கு. சைலன்சர் பக்கம் நல்லா சூடேறினாத்தான் அந்தக் கரி எரியும். நீங்க மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமே ஓட்டினா அடைச்சுக்கும். அப்பப்ப ஜிஎஸ்டி ரோட்டுல ஏத்தி, நிக்காம அரை மணி நேரம் விரட்டணும்."

"நாலா இருந்தாலுமா?"

"நாலோ ஆறோ, கரி கரிதான் சார்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஃபில்டருக்காக மாசாமாசம் திண்டிவனம் வரைக்கும் போய்ட்டு வரணும்" என்றேன், ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "திண்டிவனத்துலதான் எங்க அக்கா இருக்கா. இருபத்தெட்டு வருஷமா கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறேன். நான் கேட்டா நேரம் இல்ல. ஃபில்டர் கேட்டா மட்டும் நேரம் வந்துடுமா?"

கனம் கோர்ட்டார் அவர்களே, என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பினோம், பழைய பெட்ரோல் வண்டியில். செங்கல்பட்டு தாண்டியதும் சாலை காலியாகிவிட்டது. ஜன்னலை இறக்கிவிட்டு அவள் கேட்டாள்.

"இந்த வண்டிக்கு எத்தனை சிலிண்டர்?"

"மூணு."

"அதான் போகுதே" என்றாள்.