அஸ்திவாரத்துக்குத் தரகர்

ஏலே தம்பி, நாவல் எம்புட்டு தூரம் வந்திருக்குன்னு கேட்டா, "புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு வித்துக் குடுக்குத ஏஜென்டுக்குக் கடுதாசி எழுதுதேன் தாத்தா"ங்க. கதாநாயகன் ரயில் ஏறுத இடத்துலயே நிக்கான். ஆனா கதைச்சுருக்கம் தயார், உன் பெருமை பாடுத நாலு பத்தி தயார், தாடியைத் தடவிக்கிட்டு ஒரு போட்டோவும் தயார்! நம்ம ஜனக்புரியில தடுக்கி விழுந்தா பிராப்பர்ட்டி டீலர் மேலதான் விழணும். அவன்கிட்டப் போயி, "அஸ்திவாரம் தோண்டியிருக்கேன், வீட்டை வித்துக் குடு"ன்னு கேட்டுப் பாரேன்.

அருந்ததி ராய் இந்த டெல்லியிலதாம்ல நாலு வருசத்துக்கு மேல மூச்சுக் காட்டாம நாவல் எழுதுனாங்க. 1996ல கையெழுத்துப் பிரதி பங்கஜ் மிஸ்ரா கைக்குப் போச்சு. அவரு அப்ப ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்துல இருந்தாரு. படிச்சவருக்கு இருப்புக் கொள்ளல, லண்டனுக்கு அனுப்பிட்டாரு. அங்க டேவிட் காட்வின்னு ஒரு ஏஜென்ட். படிச்சாரு, விமானம் ஏறி இங்கயே வந்து நின்னுட்டாரு. 1997ல புக்கர் பரிசு. யாரு யாரைத் தேடுனாங்க, சொல்லு பாப்போம்?

எல்லாருக்கும் அப்படி வாய்க்குமான்னு கேப்ப. வாய்க்காதுதான். அமிஷ் திரிபாதியோட மெலுஹா கதையை இருபது பதிப்பகத்துக்கு மேல வேண்டாம்னுட்டாங்க. அவரு ஏஜென்ட் அனுஜ் பஹ்ரி, கான் மார்க்கெட் பஹ்ரிசன்ஸ் கடைக்காரரு. சரிதாம் போங்கன்னு தானே அச்சடிச்சு 2010ல இறக்கிட்டாரு. எந்தப் புத்தகம் போவும்னு கல்லாவுல உக்காந்தவருக்குத் தெரியாதா?

தமிழ்ல எழுதுதவனுக்கு இந்த ஏஜென்ட் சவரணையெல்லாம் ஏது? சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைத் தானே சுமந்து காலேஜ் காலேஜாப் போயி வித்தாரு. 'சுதந்திர தாகம்' நாவலையும் தானேதான் பதிப்பிச்சாரு. அதுக்கு சாகித்ய அகாதமி விருது 2001ல வந்துச்சு. மனுசன் 1998லயே போய்ச் சேந்துட்டாரு. நம்மாளுக சுறுசுறுப்பு அம்புட்டுதான்.

ஆமா, எவனோ உன் நாவலைப் படிச்சுப் பாக்கவே கூலி கேக்கானாமே? கேளு. நாணயமான ஏஜென்ட் வித்த பொறவுதாம்ல பங்கு எடுப்பான். நூத்துக்குப் பதினஞ்சு, வெளிநாட்டுல வித்தா இருபது, அதான் வழக்கம். முன்கூட்டியே காசு வாங்குனவனுக்கு உன் புத்தகம் வித்தா என்ன, விக்காட்டி என்ன?

அவன் விலாசத்தை என்கிட்டக் குடு. உங்க பாட்டியோட பால் கணக்கு நோட்டு ஒண்ணு பரண்ல கெடக்கு, காசோட சேத்து அனுப்புதேன். "மகத்தான படைப்பு"ன்னு பதில் வரலைன்னா, மீசையை எடுத்துக்கிடுதேன்.