நெய்க்கு ஒரு விஞ்ஞானம்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ருசி பார்த்துச் சமைப்பதில்லை, நிறம் பார்த்துத்தான். ஒருநாள் பீட்ரூட் பொரியல், மறுநாள் பரங்கிக்காய்க் கூட்டு, அதற்கடுத்து செங்கீரை மசியல். காய்களின் நிறமிகள் புற்றுநோயை அண்டவிடாது என்று மனைவி எங்கோ படித்துவிட்டாள். கேசரியும் ஆரஞ்சு நிறம்தானே என்றேன். "அது பொடியோட நிறம்ங்க."

எனக்கும் ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு, எனக்குச் சாதகமான பக்கங்களில் மட்டும். கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோப்பீனும் கொழுப்பில் கரைபவை. எண்ணெய், நெய் சேராவிட்டால் உடம்பில் சரியாக ஒட்டாது. இதைப் படித்த கையோடு நெய்க் கிண்ணத்தை என் பக்கம் இழுத்தேன். "ஒரு ஸ்பூன் போதும்னும் போட்டிருக்குமே?" போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

பீட்ரூட் தின்ற மறுநாள் காலை குளியலறையில் சிவப்பாகக் கண்டு அலறியடித்து டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "நேத்து என்ன பொரியல்?" அதற்கும் ஃபீஸ் உண்டு.

கடைசியாக மாத்திரை யோசனை. பீட்டா கரோட்டினை விழுங்கிவிட்டால் பரங்கிக்காய்த் தொல்லை ஒழியுமே! ஆராய்ச்சிக்காரர்களும் என்னைப் போலத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். காய்கறி நிறையத் தின்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம். ஆகவே அதைத் தனியாகக் கொடுப்போம் என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்குத் தினம் 20 மில்லிகிராம் மாத்திரை. 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவிலும் இதே கதை நடக்க, 1996-இல் அங்கே சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"நான் சிகரெட்டே தொடமாட்டேனே!" என்று வாதாடினேன். அதற்கும் ஆதாரம் வைத்திருந்தாள். அமெரிக்க மருத்துவர்கள் 22,000 பேரை, பெரும்பாலும் புகைக்காதவர்களை, பன்னிரண்டு வருஷம் வைத்துப் பார்த்ததில் மாத்திரையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. காயில் நிறமி மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்தும் வேறு நூறு சரக்கும் கூடவே இருக்கின்றன. எது காப்பாற்றுகிறது என்று தனியே பிரித்துச் சொல்வது சுலபமில்லை.

புற்றுநோயைத் தடுக்க பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இலும் சொல்லியிருக்கிறது. பரங்கிக்காய் வேண்டாம் என்று எந்தக் குழுவும் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.