லேப்பில் ஒரு புதைபடிவம்

அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. அங்கே வைத்திருக்க வேண்டிய ஒன்று தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் நெடுங்காலம் ஓடியது, சில இடங்களில் இன்னும் ஓடுகிறது: டர்போ சி++ 3.0 கம்பைலர். வந்தது 1990களின் தொடக்கத்தில். பெரம்பலூர் மாவட்டமே அதற்குப் பிறகு, 1995-ல்தான் பிறந்தது. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வந்ததும் 1998-ல்தான்.

64 பிட் விண்டோஸ் இந்தப் பழைய 16 பிட் பெரியவரை வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே முதலாண்டு மாணவர் முதலில் பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸை நிறுவி, அதற்குள் ‘மவுன்ட்’ கட்டளை போட்டு, டைரக்டரி பாதையைத் திருத்தி, டர்போவின் நீலத் திரையை வரவழைக்கிறார். ‘ஹலோ வேர்ல்ட்’ அதன்பிறகுதான். நிறுவுவது, நீக்குவது, திரும்ப நிறுவுவதெல்லாம் அரியலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. அந்த ஊரே 2001-ல் தனி மாவட்டமாகி, மறுவருடம் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்ததுதானே!

ஜிசிசி கம்பைலர் இலவசம், புதியது, நேராக ஓடும். ஆனால் அதில் டர்போவின் ‘கோனியோ’ ஹெடர் கிடையாது. அந்த ஹெடர் இல்லாமல் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை கிடையாது. அது இல்லாத ரெக்கார்டு நோட்டில் சார் கையெழுத்தும் கிடையாது.